புல்லெண்ணெய் வடித்தலும் ஒடுக்கியின் பாதுகாப்பும்

பதுளை, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளிற் கமஞ்செய்வோர் எவர்க்கும் மானாப் புல்லை அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. பத்தனாப் புல்வெளிகளில் அது தானே வளர்கின்றது. பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்வதற்கு முன்னர், களைத்த மண்ணைத் தேற்றுவதற்காகத் தோட்டங்கள் அதனையே நட்டு வெட்டி நிலத்திற் பரப்புகின்றன. மரக்கறிச் செய்கையாளரும் சரிவுகளிலே மண் அரித்துச் செல்லாதபடி சமவுயர வரம்புகளில் அதனை வைத்துக்கொள்வதுண்டு.

இப்புல்லின் இனத்தைச் சேர்ந்தனவே பெங்கிரி எனப்படும் எண்ணெய்ப் புற்களும். லேனபது என்பது இலங்கைக்குரிய வகை. மகாபெங்கிரி என்பது ஜாவா வகை. அம்பாந்தோட்டை, மாத்தறை மாவட்டங்களில் இவற்றைக் காய்ச்சி வடித்து எண்ணெய் எடுக்குந் தொழில் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்து வந்துள்ளது. சவர்க்காரம், நுளம்பு விரட்டி, நறுமணப் பொருள் ஆகியவற்றுக்கு இவ்வெண்ணெய் வேண்டப்படுகின்றது. மரக்கறி விலை சரிந்த காலங்களில் நம் பகுதிக் கமக்காரர் சிலர், "வரம்பிலே இருக்கும் புல்லில் நாமும் எண்ணெய் வடிக்கலாகாதா?" என்று என்னிடங் கேட்பதுண்டு. வடிக்கலாம். ஆயின், கேட்பவர் அனைவரும் கொப்பரை எவ்வளவு பெரிதாயிருக்க வேண்டும் என்றே வினவுகின்றனர். ஆவியைக் குளிர்வித்து நீராகவும் எண்ணெயாகவும் மாற்றும் ஒடுக்கியைப் பற்றி வினவியவர் மிகச் சிலரே. வடிப்போரின் உயிரும், எண்ணெயின் தூய்மையும், அயலவரின் நீரும் அந்த ஒடுக்கியையே சார்ந்து நிற்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன்னர் வெலிமடைப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து என்னை அழைத்திருந்தார்கள். 200 லீற்றர் கொள்ளும் இரும்புப் பீப்பாய் ஒன்றை ஓர் இளைஞர் வடிகலனாக்கியிருந்தார். மூடியை எட்டுப் புரியாணிகளால் இறுக்கி, அதிலிருந்து ஒரு நாகம் பூசிய குழாயைத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளே செலுத்தி, மறுமுனையை ஒரு போத்தலின் வாய்க்குள் விட்டு, வாசனை வெளியே போய்விடக் கூடாதென்று சுற்றிலும் துணியைத் திணித்திருந்தார். குழாயோ நடுவிலே தொட்டில்போலத் தொய்ந்து கிடந்தது. ஆவியோடு வந்த இலைத்துணுக்குகள் அத்தொய்விலே தங்கி அடைத்துக்கொண்டன. நான் சென்றபோது கொட்டிலின் கூரைத் தகரம் கிழிந்து தொங்கிற்று; பீப்பாயின் மூடி பதினைந்து அடிக்கு அப்பால் போஞ்சிப் பாத்தியிற் கிடந்தது. அவ்வேளையில் அவர் விறகெடுக்கச் சென்று திரும்பி வந்துகொண்டிருந்தமையால் முன்கை மட்டும் அவிந்து தப்பினார். அவருடைய தாயார் என்னிடம், "ஐயா, புல்லைத்தானே அவிச்சோம்? சோறு வடிக்கிற மாதிரித்தானே இதுவும்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு அன்று நான் சொல்லிய விடையை இங்கே சற்று விரித்து எழுதுகின்றேன்.

சோற்றுப் பானையின் மூடி தளர்வாயிருக்கின்றது. ஆவி மிகுந்தால் மூடியைத் தூக்கித் தன் வழியே போய்விடும். புரியாணியால் இறுக்கப்பட்ட பீப்பாய்க்கு ஒடுக்கியின் குழாய் ஒன்றே வாசல். அது அடைபட்டால் அமுக்கம் ஏறும். பீப்பாயின் மூடி ஏறத்தாழ 57 சென்ரிமீற்றர் அகலமுடையது. அதன் பரப்பு 2,550 சதுர சென்ரிமீற்றர். உள்ளே ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு அரைக் கிலோ அமுக்கம் மிகுந்தாற்கூட, மூடியைக் கீழிருந்து தள்ளும் விசை 1,275 கிலோவாகும். ஒரு கிலோவானால் இரண்டரைத் தொன். அந்நிலையில் உள்ளிருக்கும் நீர் கொதிப்பது 120 பாகை சதமளவிலே. மூடி கழன்ற கணத்தில் அந்நீரில் ஒரு பங்கு உடனே ஆவியாகிச் சீறும். பீப்பாய்த் தகரம் இதற்காகச் செய்யப்பட்டதன்று.

இதற்கு நேர்மாறான தீங்கும் உண்டு. நெருப்பு அணைந்து கலன் குளிரும்போது உள்ளிருக்கும் ஆவி நீராகச் சுருங்குகின்றது. ஆவி நீரானால் அதன் கனவளவு 1,600இல் ஒரு பங்காகக் குறையும். குழாயின் முனை போத்தலிலுள்ள நீரில் மூழ்கியிருந்தால் வடித்த நீரும் எண்ணெயும் திரும்பக் கலனுக்குள்ளே உறிஞ்சப்படும். முனை அடைபட்டிருந்தால் பீப்பாயே நசுங்கும். ஆவியை வேறொரு கலத்திலே குளிர்வித்து இவ்வுறிஞ்சலைத் தொழிலுக்குப் பயன்படுத்தியவர் ஜேம்ஸ் வாட். 1769இல் அவர் உரிமம் பெற்ற தனி ஒடுக்கியே நீராவி எந்திரத்தின் எரிபொருட் செலவைப் பெரிதுங் குறைத்தது. அவருக்குத் துணையாயிருந்த அதே விசை நம் பீப்பாய்க்குப் பகையாகும்.

எனவே குழாயின் முனை எப்போதும் திறந்த காற்றிலே, ஏந்துகலத்தின் நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். துணி, தக்கை, களிமண் எதுவும் அங்கே வைக்கலாகாது. வாசனை சிறிது போகுமே என்று அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்வேன்: நன்கு குளிர்ந்து இறங்கும் வடிநீரிலிருந்து போகும் வாசனை அற்பம், முனையிலே வெள்ளாவி தெரியுமாயின் ஒடுக்கி போதாது என்பதே பொருள். அப்போது செய்யத்தக்கது நெருப்பைக் குறைத்தல், முனையை அடைத்தலன்று. மூடியைப் புரியாணியால் இறுக்குவதினும், கலனின் விளிம்பிலே நான்கு விரலாழமான நீர்ப்பள்ளம் அமைத்து மூடியின் ஓரத்தை அதனுள்ளே இருத்துவது நன்று. ஆவி மிகுந்தால் பள்ளத்து நீர் கொப்புளித்து வழிவிடும். தனிப் பொயிலரிலிருந்து ஆவியைச் செலுத்துவோர்க்கு அமுக்கமானியும் பாதுகாப்பு வால்வும் இன்றியமையாதன. பழைய பொயிலரை மலிவாக வாங்கினோம் என்று மகிழ்வோர், தகுதியுள்ள எந்திரவியலாளர் ஒருவரைக் கொண்டு தண்ணீர் அமுக்கச் சோதனை செய்விக்காமல் அதற்கு நெருப்பு மூட்டலாகாது.

ஒடுக்கியின் அமைப்பு

இலையின் வழியே ஏறும் நீராவி எண்ணெயின் ஆவியையும் உடன்கொண்டு வருகின்றது. இரண்டும் குளிர்ந்தபின் எண்ணெய் நீரோடு கலவாது பிரிந்து நிற்கும். குளிர்விப்பதுதான் பெரும் வேலை. கொதிநிலையிலுள்ள ஒரு கிலோ ஆவி, நீராக மாறும்போது மாத்திரம் 540 கிலோகலோரி வெப்பத்தை விடுகின்றது. அந்நீரைக் கை பொறுக்கும் 40 பாகைக்குக் கொண்டுவர மேலும் 60 வேண்டும். ஆக 600. நம் மலையோடையின் நீர் 20 பாகையில் உள்ளே சென்று 60 பாகையில் வெளியேறுமாயின் ஒவ்வொரு லீற்றரும் 40 கிலோகலோரியைச் சுமக்கும். ஒரு லீற்றர் வடிநீருக்கு 15 லீற்றர் குளிர்நீர் என்ற கணக்கு இவ்வாறு வருகின்றது.

தனியொரு பீப்பாய் ஒரு குடும்பத்துக்குப் பிழைப்பாகாது என்பது என் கருத்து. வாடிய புல் நாற்பது கிலோவை அடைத்தாலும், மகாபெங்கிரியானால் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் 400 கிராம் எண்ணெய் கிடைக்கும். லேனபதுவானால் அதிலும் பாதிக்குக் குறைவு. பத்துப் பன்னிரண்டு கமக்காரர் கூடி ஆயிரம் லீற்றர்க் கலன் ஒன்றை முறையாக அமைத்துக்கொள்வதே தக்கது. அத்தகைய கலன் மணிக்கு 20 லீற்றர் வடிநீர் தருவதாகக் கொள்வோம். அதன் ஒடுக்கி மணிக்கு 12,000 கிலோகலோரியை நீருக்குக் கடத்த வேண்டும். தொட்டிநீரில் அமிழ்ந்த சுருட்குழாய்க்கு ஒரு சதுர மீற்றர்ப் பரப்பு அளவாயிருக்கும். 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாயானால் பன்னிரண்டு பதின்மூன்று மீற்றர் நீளம். நான்கு மீற்றர்க் குழாயை வைத்துக்கொண்டு எண்ணெய் சேரவில்லை என்று புல்லைக் குறை கூறுவோரைக் கண்டிருக்கின்றேன்.

சுருளானது மேலிருந்து கீழாக எவ்விடத்தும் தொய்வின்றி ஒரே சாய்வாய் இறங்க வேண்டும். குளிர்நீர் தொட்டியின் அடியிலே நுழைந்து மேலே வெளியேற வேண்டும். மேலே நுழையவிட்டால் புதுநீர் நேரே வாய்க்காலுக்கு ஓடிவிடும். அடிநீர் சூடேறி, கடைசிச் சுற்றுகள் பயனற்றுப்போம். பதுளை மாவட்டத்தில் டொலமைட்டுப் பாறையுள்ள இடங்களின் நீர் குழாயின் வெளிப்புறத்தே வெள்ளைப் படிவை ஏற்றும். கேத்திலின் அடியிற் படிவதும் இதுவே. படிவு தடித்தால் வெப்பம் கடவாது. வினாகிரியிலோ தேசிப்புளி கரைத்த நீரிலோ ஊறவைத்துத் துணியால் துடைத்தாற் போதும். கத்தியாற் சுரண்டிக் குழாயைப் புண்ணாக்க வேண்டா.

எண்ணெயைக் கெடுக்கும் சிறு துளை

இனிக் கூறப்போவதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. தொட்டியில் ஒரு மீற்றர் ஆழத்துக்கு நீர் நின்றால், அந்நீர் குழாயின் சுவரை வெளியிலிருந்து உள்நோக்கி அமுக்குகின்றது. சுருளினுள்ளே ஓடுவதோ அமுக்கமற்ற ஆவியும் சொட்டுநீரும். ஆதலின் குழாயில் ஊசித்துளை ஒன்று விழுந்தாலும், எண்ணெய் வெளியே கசியாது; தொட்டிநீர் உள்ளே புகும். வெளியிலிருந்து பார்ப்போர்க்கு எதுவும் புலப்படாது. அந்தத் தொட்டியிலேதான் நம்மவர் மருந்து தெளிக்கும் கருவியையும் கழுவுகின்றனர். கோவாவுக்கும் தக்காளிக்கும் அடித்த பூச்சிகொல்லிகளிற் பல, நீரினும் எண்ணெயிலே எளிதிற் கரைவன. வாங்குவோர் ஆய்வுகூடத்திற் சோதித்து அதனைக் கண்டால், அந்தப் பீப்பாய் மட்டுமன்று, அந்த ஊரின் எண்ணெய் முழுவதுமே திருப்பியனுப்பப்படும்.

குளிர்நீர் உணவிற் புகுந்தமையால் நேர்ந்த பெருந்தீங்கொன்று 1964இல் ஸ்கொட்லாந்தின் அபடீன் நகரில் நிகழ்ந்தது. அங்கே 400க்கும் மேற்பட்டோர் நெருப்புக் காய்ச்சலுக்கு ஆளாயினர். ஆர்ஜென்டீனாவில் உயர் வெப்பத்திலே கிருமிநீக்கஞ் செய்யப்பட்ட மாட்டிறைச்சித் தகரப்பேணியை, குளோரின் இடாத ஆற்றுநீராற் குளிர்வித்தபோது, நுண்ணிய வெடிப்பொன்றின் வழியே அந்நீர் உட்புகுந்தமையே காரணம் என விசாரணையிற் கொள்ளப்பட்டது. பேணியின் உள்ளே இருந்தது சுத்தமே. கேடு விளைத்தது குளிர்வித்த நீர்.

மருந்தும் உணவும் செய்யும் பெருந்தொழிற்சாலைகள் இவ்வாபத்துக்கு ஓர் உபாயங் கண்டுள்ளன. அவற்றின் ஒடுக்கி, பெரிய உருளைக்குள்ளே பல குழாய்கள் செறிந்ததாயிருக்கும். குழாய்களின் முனைகளைத் தாங்கும் தகடு ஒன்றானால், அந்த மூட்டுக் கசியும்போது குளிர்நீரும் பண்டமும் கலக்கும். எனவே இரண்டு தகடுகளைச் சிறிது இடைவெளி விட்டு வைக்கின்றனர். உட்தகட்டிற் கசிவது குளிர்நீர். வெளித்தகட்டிற் கசிவது பண்டம். எதுவாயினும் இடைவெளியில் வீழ்ந்து வெளியே சொட்டும், காவலாளியின் கண்ணிற்படும், ஒன்றோடொன்று கலவாது. குழாய்கள் உட்புறம் மெருகிட்ட கறையில் உருக்காலானவை; நீர் தேங்கும் மூலை எதுவுமின்றி முற்றாக வடியும்படி சாய்த்து வைக்கப்படுவன. அமுக்கம் மிக்கவை தொழிற்படும் அளவினும் மிகுந்த அமுக்கத்திலே, காற்றாலன்றித் தண்ணீரால் நிரப்பிச் சோதிக்கப்படுகின்றன. காற்றை நிரப்பினால் வெடிக்கும்போது சிதறும். தண்ணீரானால் பிளந்து வழிவதோடு நின்றுவிடும்.

நம் மாகாணத்திலேயே பெரிய ஒடுக்கிகளைக் காண விரும்புவோர் மொனராகலை மாவட்டத்துப் பெல்வத்தை, செவனகல சீனித் தொழிற்சாலைகளை நினைத்துக்கொள்ளலாம். இரண்டும் 1980களிலே தொழில் தொடங்கியவை. கரும்புச் சாற்றைத் திறந்த கொப்பரையில் வற்றவைத்தால் கருகும். ஆதலின் சீனி ஆலையில் மூடிய கலத்திலே காற்றமுக்கத்தைக் குறைத்து, தாழ்ந்த வெப்பத்திற் கொதிக்கவிடுகின்றனர். அக்குறைந்த அமுக்கத்தைப் பேணுவது ஒடுக்கியே. பொழிகின்ற குளிர்நீரிற் சாற்றின் ஆவி ஒடுங்க, அந்நீர் பத்து மீற்றருக்கு மேல் உயரமான குழாயின் வழியே கீழிறங்குகின்றது. பீப்பாயை நசுக்கிய அதே சுருக்கம் அங்கே சீனியைக் காக்கின்றது.

இரட்டைத் தகடு நமக்கு எட்டாத செலவு. ஆயினும் அதன் கருத்து எட்டாததன்று. சுருட்குழாயைத் தொட்டிக்குள்ளே மூட்டு எதுவுமில்லாத ஒரே துண்டாகச் செய்வித்து, மூட்டுகள் யாவும் தொட்டிக்கு வெளியே கண்ணிற்படும் இடத்தில் இருக்குமாறு அமைத்துக்கொள்க. பின், நெருப்பு மூட்டுவதற்கு முன்னர், கலன் உலர்ந்திருக்கையிலேயே தொட்டியை நிரப்பி, ஒரு மணி நேரம் குழாயின் முனையைப் பார்த்திருக்கவும். ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் துளை உண்டு. இச்சோதனைக்குக் காசு வேண்டியதில்லை.

குழாய் எவ்வுலோகம் என்பதும் கவனித்தற்குரியது. இரும்பு பட்டால் கறுவா இலை எண்ணெய் கருகிய நிறமடையும். அதிலுள்ள இயூஜெனோல் இரும்போடு கூடுவதே காரணம். செம்பு வெப்பத்தை நன்கு கடத்துமாயினும் எண்ணெயிற் பச்சை ஏற்றக்கூடும். ஈயம் கலந்த பற்றாசு எவ்விடத்தும் கூடாது. கறையில் உருக்குக் குழாய் விலை மிகுந்ததே. எனினும் கொப்பரையிற் சிக்கனஞ் செய்து குழாயிற் செலவிடுவதே முறை. எண்ணெய் குளிர்ந்து வெளிப்படும் இடம் குழாய்தான்.

ஏந்துகலத்தைப் பற்றி ஒரு சொல். பெங்கிரி எண்ணெய் நீரினும் இலேசானது, மேலே மிதக்கும். கறுவா இலை எண்ணெயும் கராம்பு இலை எண்ணெயும் நீரினும் கனமானவை, அடியிற் படியும். ஒன்றுக்கென அமைத்த கலத்தை மற்றதற்குப் பயன்படுத்தி, எண்ணெய் முழுவதையும் வாய்க்காலிற் போக்கியவர் உண்டு. யூக்கலிப்டஸ் இலையை வடிக்க எண்ணுவோரும் இருக்கின்றனர். மலைநாட்டிலே டர்பன்டைன் மரம் என்று நாம் வழங்கும் அவற்றில் இனங்கள் பல. விறகுக்கும் பலகைக்குமாக நட்ட கிராண்டிஸ் இனத்தின் இலை மருந்தெண்ணெய்க்கு உகந்ததன்று, குளோபியூலஸ் இனமே உகந்தது.

கச்சான் மாதத்து நீர்

வடிப்பதற்கு உகந்த காலம் உலர்ந்த காலமே. ஆனால் ஊவாவிற் கச்சான் காற்று வீசும் ஆனி முதல் ஆவணி வரையிலான மாதங்களிற்றான் பீலித் தண்ணீர் நூலாக இறங்குகின்றது. கீழ்ப்பாத்தியிலே போஞ்சியும், அதற்குக் கீழே வயலில் சிறுபோக நெல்லும் அதே நீரை எதிர்பார்த்து நிற்கின்றன. மேற்சொன்ன கலன் மூன்று மணி நேரத்திலே 60 லீற்றர் வடிநீர் தரும். அதற்குக் குளிர்நீர் 900 லீற்றர். ஏழு பேர்ச்சஸ் போஞ்சிக்கு ஐந்து மில்லிமீற்றர் நீர் பாய்ச்ச அது போதும். இதனைச் சூடாக்கி வாய்க்காலில் விட்டால் அயலவர்க்கு இருமடங்கு தீங்கு: அவர் நீரும் குறையும், வந்த நீரும் 60 பாகையில் வேரை அவிக்கும். 2014இன் இறுதியில் உமா ஓயாச் சுரங்கத்தினுள் நீர் பெருகிய பின்னர், பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் பல வற்றியதை அங்குள்ளோர் மறக்கவில்லை. நீரைப் பற்றிய சண்டை அங்கே விரைவில் மூளும்.

இதற்குத் தீர்வு ஓடையிலன்று, தொட்டியிலுண்டு. மூவாயிரம் லீற்றர் கொள்ளும் தொட்டியொன்றைக் கட்டி, அதே நீரைச் சிறு பம்பியினாலோ சரிவினாலோ சுழலவிட வேண்டும். ஒரு வடிப்பு விடும் வெப்பம் 36,000 கிலோகலோரி. அது மூவாயிரம் லீற்றர் நீரை 12 பாகை மட்டுமே உயர்த்தும். காலையில் 20 பாகையிலிருந்த நீர் வடிப்பு முடிகையில் 32 பாகையில் நிற்கும். நம் மலையின் இரவுக் குளிர் அதனைத் திரும்பத் தணித்துவிடும். அவ்வெப்பம் முழுவதும் ஆவியாதலாலேயே போவதாகக் கொண்டாலும், குறையும் நீர் ஒரு வடிப்புக்கு அறுபது லீற்றர்ச் சொச்சமே. தொட்டி திறந்திருந்தாற்றான் குளிரும். ஆதலின் பலகையால் மூடாது, நுளம்பு முட்டையிடாதபடி மெல்லிய வலையினால் மூடுக. மருந்துக் கருவி கழுவ வேறிடம் வைத்துக்கொள்க. வடித்தபின் எஞ்சும் புல் உலர்ந்தால் அடுத்த வடிப்புக்கு விறகு; உலராதது பாத்திக்கு மூடுபடை.

சுருட்குழாயும் பீப்பாயும் ஒரு கொட்டிலில் இருந்தால் கசிப்பு வடிப்பதாக ஊரார் எண்ணுவதும், பொலிசார் வந்து நிற்பதும் இயல்பு. எனவே வேலையைத் தொடங்குமுன் கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் எழுத்தில் அறிவித்துக்கொள்வது நன்று. பெங்கிரி முதலிய பயிர்களைப் பற்றிய ஆலோசனை ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் உத்தியோகத்தரிடங் கிடைக்கும். எண்ணெயின் தரத்தைச் சோதிப்பிக்க விரும்புவோர், 1955இல் நிறுவப்பெற்ற விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சி நிலையத்தின் வழிவந்ததாய், இப்போது கொழும்பிலே இயங்கும் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தை அணுகலாம். மாதிரியை நீர் நீங்க வடித்து, உலர்ந்த கண்ணாடிப் போத்தலிலே கழுத்துவரை நிரப்பி, வெயில் படாது எடுத்துச் செல்க. பழைய பிளாத்திக்குப் போத்தலிற் கொண்டுசென்றால் சோதிக்கப்படுவது எண்ணெயோடு கலந்த பிளாத்திக்கின் குற்றமுமாகும்.